இன்ஜினியரிங் செமஸ்டர்ல நேரத்தை எப்படிப் பிரிக்கிறது: முதல் நாள்ல இருந்து எக்ஸாம் ஹால் வரைக்கும் முழு வழிகாட்டி

ஒவ்வொரு செமஸ்டர் ஆரம்பத்துலயும் பசங்க பண்ற முதல் வேலை, ஏ4 ஷீட்ல கலர் ஸ்கெட்ச் வெச்சு டைம்டேபிள் போடுறது. காலைல 4 மணிக்கு எந்திரிக்கணும், 4 டு 6 மேத்ஸ், ராத்திரி 8 டு 11 தியரினு பாக்கவே நல்லா இருக்கும். ஒரு மூணு நாள் ஓடும், அப்புறம் ஒரு நாள் பஸ் லேட்டு, மறுநாள் லேப் ரெக்கார்ட் நோட்டு சப்மிஷன், அதுக்கடுத்த நாள் அத்தை பொண்ணு நிச்சயதார்த்தம், அதோட அந்த ஷீட் செவுத்துல சும்மா தொங்கும்.

டைம்டேபிள் போட்டது தப்பில்ல, அதை முதல்ல போட்டதுதான் தப்பு. இங்க அது 4வது படிலதான் வரும், ஏன்னா அதுக்கு முன்னாடி இருக்குற மூணு படியும் முடியாம எந்த மணிக்கு என்ன படிக்கிறதுனு யாராலயும் சொல்ல முடியாது.

இது அண்ணா பல்கலைக்கழகத்தோட இணைஞ்ச காலேஜ்கள்ல 2021 ரெகுலேஷன்ல (சிலபஸ், மார்க், பாஸ் விதிமுறை) படிக்கிறவங்கள மனசுல வெச்சு எழுதுனது. அட்டானமஸ் காலேஜ்னா (சிலபஸும் எக்ஸாமும் சொந்தமா நடத்துறது) மார்க் பிரிக்கிற கணக்கு மாறலாம், உங்க ரெகுலேஷன பாத்து நம்பரை மட்டும் மாத்திக்கோங்க, படிகளோட வரிசை அதேதான்.

உக்காருறதுக்கு முன்னாடி கையில வேண்டியது

காலேஜ் அகாடமிக் கேலண்டர், எல்லா சப்ஜெக்ட்டோட சிலபஸ், கிளாஸ் டைம்டேபிள், ஒவ்வொரு சப்ஜெக்ட்டுக்கும் பழைய யுனிவர்சிட்டி க்வஸ்டின் பேப்பர் ஒரு மூணு நாலு, ஒரு சாதா நோட்டு. ஆப் எதுவும் இப்போதைக்கு வேணாம். ஆப் தேடுறதுலயே ஒரு சாயங்காலத்த கழிச்சிட்டு "பிளான் பண்ணிட்டேன்"னு தூங்கப் போறவங்கள நிறையப் பாத்தாச்சு.

பழைய பேப்பர் இப்பவே எதுக்குனு கேப்பீங்க. ஒரு யூனிட்ல எந்த டாபிக் 13 மார்க்கா வருது, எது 2 மார்க்கோட நின்னுடுதுனு அதுலதான் தெரியும். அது தெரியாம நேரம் ஒதுக்குனா புக்ல பக்கம் அதிகமா இருக்குற டாபிக்குக்கு நேரமும் அதிகமா போயிரும்.

1. உண்மையா எவ்ளோ நேரம் இருக்குனு எண்ணுங்க

வாரத்துக்கு 168 மணி நேரம், அது எல்லாருக்கும் ஒண்ணு. அதுல உங்களுக்கு மிஞ்சுறது எவ்ளோங்கறதுதான் கேள்வி.

காலேஜ் பஸ்ல போய்ட்டு வர ஒரு டே ஸ்காலர எடுத்துப்போம். 7:15க்கு பஸ் ஏறி 5:45க்கு வீடு வந்தா நாளைக்கு பத்தரை மணி நேரம், அஞ்சு நாளைக்கு 52.5. தூக்கம் 7 மணி நேரம்னு வெச்சா 49. குளிக்க, சாப்பிட, துணி துவைக்க, கடைக்குப் போகனு நாளைக்கு ரெண்டரை மணி நேரம்னா 17.5. ஆக 119 போச்சு, மிச்சம் 49.

49ஆ, பரவாயில்லையேனு தோணும். ஆனா அதைப் பிரிச்சுப் பாருங்க: வார நாள்ல நாளைக்கு 4 மணி நேரம்தான், 29 மணி நேரம் சனி ஞாயிறுல கிடக்கு. அந்த நாலுலயும் வீட்டுக்கு வந்த முதல் ஒரு மணி நேரம் உடம்பு உக்காராது. ஃப்ரெண்ட்ஸ், மேட்ச், சொந்தக்காரங்க, சும்மா படுத்துக் கிடக்குறது எல்லாம் மிச்சத்துல பாதிய சாப்பிடும், சாப்பிடணும்தான். அதனால 49ல நிம்மதியா நம்பக்கூடியது 20, ரொம்பப் போனா 24. சனிக்கிழமை கிளாஸ் வைக்கிற காலேஜ்னா இன்னும் கொஞ்சம் குறைச்சுக்கோங்க.

ஹாஸ்டல்ல இருக்கவங்களுக்கு பஸ் நேரம் மிச்சம், ஆனா அது அப்படியே படிப்புக்கு வந்துரும்னு எழுதாதீங்க. ரூம்ல நாலு பேர் இருந்தா ராத்திரி 10 வரைக்கும் அங்க படிப்பு நடக்காது. ரீடிங் ரூம் எத்தன மணி வரைக்கும் திறந்திருக்கும்னு பாத்துட்டு எண்ணுங்க.

இந்தப் படிய ஞாபகத்துல இருந்து எழுதாதீங்க. ஒரு வாரம் முழுக்க ராத்திரி படுக்கப் போறப்ப அன்னைக்கு நடந்தத நோட்டுல அஞ்சே வரில எழுதிட்டு அப்புறம் கூட்டுங்க. "நான் ரீல்ஸ் அரை மணி நேரம்தான் பாப்பேன்"னு சொல்றவங்க போன் செட்டிங்ஸ்ல ஸ்கிரீன் டைம் பாத்துட்டு அமைதியா ஆயிடுவாங்க.

2. தேதிகளை இறக்குங்க, கடைசில இருந்து முன்னாடி வாங்க

நோட்டுல ஒரு பக்கத்துல செமஸ்டரோட கடைசி வேலை நாள்ல ஆரம்பிச்சு மேல மேல முதல் வாரம் வரைக்கும் ஒரு வாரத்துக்கு ஒரு வரி போடுங்க. கேலண்டர்ல இருக்குற எல்லாத்தையும் அதுல இறக்குங்க: இன்டர்னல் 1, இன்டர்னல் 2 (காலேஜ்லயே வைக்கிற டெஸ்ட்), மாடல் (செமஸ்டர் எக்ஸாமுக்கு ஒத்திகை மாதிரி), மாடல் பிராக்டிகல், ரெக்கார்ட் கடைசி நாள், ப்ராஜெக்ட் ரிவ்யூ, சிம்போசியம், கல்ச்சுரல்ஸ், பொங்கலோ தீபாவளியோ வர வாரம்.

கடைசில இருந்து ஏன்னா முன்னாடி இருந்து போட்டா முதல் நாலு வாரம் காலியா தெரியும், "நேரம் இருக்கு"னு மனசு சொல்லிரும். கடைசில இருந்து வந்தா மாடல் எக்ஸாம், பிராக்டிகல், ரெக்கார்ட் மூணும் ஒரே பத்து நாள்ல குவியுறது உடனே கண்ணுல படும். அந்தக் குவியல்ல எதை முன்னாடி நகத்தலாம்னு பாருங்க. எக்ஸாம் தேதிய நகத்த முடியாது, ரெக்கார்ட நகத்தலாம்.

கேலண்டர்ல இல்லாத தேதிகளும் இருக்கு, அதைத்தான் எல்லாரும் விடுறாங்க. கிரெடிட்டுக்காக என்பிடெல் (ஐஐடிகள் நடத்துற ஆன்லைன்) கோர்ஸ் எடுத்திருந்தா வாரா வாரம் அசைன்மென்ட் வரும், 12 வார கோர்ஸ்ல அதுல நல்லா வந்த 8 அசைன்மென்ட்டோட மார்க்க எடுத்துத்தான் 25க்குக் கணக்கு போடுவாங்க, மிச்சம் 75 எக்ஸாமுக்கு. அந்த எக்ஸாமும் பாதி நேரம் உங்க இன்டர்னல் பக்கத்துலயே வந்து நிக்கும். வீட்டுக் கல்யாணம், கோயில் திருவிழா, எல்லாத்தையும் எழுதிடுங்க. எழுதலனாலும் அது வரத்தான் போகுது.

3. எந்த சப்ஜெக்ட்டுக்கு எவ்ளோ நேரம்: மார்க் கணக்கு பாத்துட்டு முடிவு பண்ணுங்க

இதை யாரும் செய்யுறதில்ல, செஞ்சா பாதி பிரச்சினை இங்கயே தீரும்.

2021 ரெகுலேஷன்ல தியரிக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் எக்ஸாம் 60. லேபுக்கு அப்படியே தலைகீழ், இன்டர்னல் 60, எக்ஸாம் 40. பாஸ் ஆக மொத்தத்துல 50 வேணும், அதோட செமஸ்டர் எக்ஸாம்ல தனியா 45 சதவீதமும் வேணும்.

இப்ப கணக்கு போடுங்க. பேப்பர்ல 100க்கு 45 எடுத்தா அது 60க்கு 27. அப்ப இன்டர்னல்ல 23 இருந்தா மொத்தம் 50 ஆயிரும். இன்டர்னல் 20தான்னா பேப்பர்ல 50 எடுக்கணும். இன்டர்னல் 12னு வெச்சுக்கோங்க, 60க்கு 38 வேணும், அதாவது பேப்பர்ல 64. இன்டர்னலுக்கு முன்னாடி "இது சும்மா கிளாஸ் டெஸ்ட்தானே"னு சேமிச்ச ரெண்டு சாயங்காலத்துக்கு நவம்பர்லயோ ஏப்ரல்லயோ திருப்பிக் கட்டுற வட்டி அது. அதனால இன்டர்னலுக்கு முந்தின வாரம் எப்பவுமே விலை அதிகமான வாரம், அந்த வாரத்துல ஓடி (ஆன் டியூட்டி, அதாவது கிளாஸுக்கு வராம இருக்க அனுமதி) வாங்கிட்டு வேற காலேஜ் ஈவன்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ யோசிங்க.

அடுத்தது பேப்பர் அமைப்பு. 2 மார்க் பத்து, 13 மார்க் அஞ்சு, 15 மார்க் ஒண்ணு. வழக்கமா ஒவ்வொரு யூனிட்ல இருந்தும் ரெண்டு 2 மார்க்கும், இது இல்லனா அதுனு ஒரு 13 மார்க்கும் வரும். அப்ப ஒரு யூனிட்ட மொத்தமா விட்டா 17 மார்க் போச்சு. ரெண்டு விட்டா 34 போச்சு, மிச்சம் 66ல இருந்து 45 எடுக்கணும், அது நல்லாப் படிக்கிறவனுக்கே கஷ்டம். "மூணு யூனிட் மட்டும் தரோவா பாத்துக்கலாம்"னு சீனியர் சொன்னா இந்தக் கணக்கக் காட்டுங்க. அஞ்சு யூனிட்லயும் முக்கால்வாசி தெரிஞ்சிருக்குறது மூணு யூனிட் முழுசா தெரிஞ்சிருக்குறத விட பாதுகாப்பு, ஏன்னா அந்த "இது இல்லனா அது" சாய்ஸ் யூனிட்டுக்கு உள்ளதான் இருக்கு, யூனிட்டுக்கு வெளிய இல்ல.

இப்ப சப்ஜெக்ட்ட மூணு கட்டா பிரிங்க. கையால போட்டுப் பாத்தாதான் வர்ற பேப்பர், அதாவது மேத்ஸ், சிக்னல்ஸ், ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் மாதிரி. படிச்சு எழுதுற தியரி. அப்புறம் அரியர், அதாவது முந்தின செமஸ்டர்ல பாஸ் ஆகாத பேப்பர். முதல் கட்டுக்கு தினமும் கொஞ்சம் வேணும், ஒரே நாள்ல அஞ்சு மணி நேரம் போட்டாலும் கை பழகாது. தியரிய வாரக் கடைசில சேத்துப் பாக்கலாம். அரியர பத்தி கீழ தனியா சொல்றேன்.

அஞ்சு தியரி பேப்பர்னா 25 யூனிட். கிளாஸ் நடக்குறது ஒரு 14 வாரம்னு வெச்சா வாரத்துக்கு ரெண்டு யூனிட்டுக்கும் கொஞ்சம் கம்மி. இதுதான் உங்க வேகம். இந்த நம்பர நோட்டோட முதல் பக்கத்துல பெருசா எழுதுங்க, "டெய்லி படிக்கணும்"னு எழுதுறத விட இது ஆயிரம் மடங்கு உருப்படி. வாரக் கடைசில முடிஞ்சதா இல்லையானு இதை வெச்சு சொல்ல முடியும், அதை வெச்சு முடியாது.

4. இப்பதான் டைம்டேபிள்

முதல் படில வந்த 20 மணி நேரத்துல 15க்கு மட்டும் வேலை போடுங்க. மிச்ச அஞ்சு காலியா இருக்கணும், பேர் போடாதீங்க. திடீர் அசைன்மென்ட், காய்ச்சல், கரன்ட் கட், ஸ்டாஃப் "நாளைக்கு சீட் வொர்க் காட்டணும்"னு சொல்றது எல்லாம் அங்கதான் வந்து உக்காரும். காலியே இல்லாம போட்ட டைம்டேபிள்ல ஒரு நாள் சரிஞ்சா வாரம் முழுக்க சரியும், அப்புறம் யாருக்கும் அதைப் பாக்கவே பிடிக்காது.

மணி போடாம கட்டம் போடுங்க. "7:00 முதல் 8:30"னு எழுதாம "டிபனுக்கு முன்னாடி ஒரு கட்டம், சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு கட்டம்"னு எழுதுங்க. பஸ் 20 நிமிஷம் லேட்டானா மணிக்கணக்கு டைம்டேபிள் செத்துரும், கட்டம் சும்மா தள்ளிப் போகும்.

ஒரு கட்டம் எவ்ளோ நீளம்? பொமொடோரோனு 25 நிமிஷம் படிச்சு 5 நிமிஷம் ஓய்வு எடுக்குற முறைய எல்லாரும் சொல்றாங்க. 2 மார்க் படிக்க அது சரி, ஆனா ஒரு 13 மார்க் ப்ராப்ளம் பாதில நிக்குறப்ப அலாரம் அடிச்சா எரிச்சல்தான் வரும். பிராப்ளம் பேப்பருக்கு 50 நிமிஷம் வெச்சுக்கோங்க, கிளாஸ் பீரியடும் அதேதான், உடம்புக்குப் பழகுன அளவு.

கட்டத்துக்குள்ள சப்ஜெக்ட் பேர மட்டும் எழுதாதீங்க. "மேத்ஸ்"னு எழுதுனா உக்காந்ததும் எங்க ஆரம்பிக்கிறதுனே பத்து நிமிஷம் போகும். "யூனிட் 2, கடைசி ரெண்டு பேப்பர்ல வந்த 13 மார்க் சம் மூணு"னு எழுதுங்க.

காலைல 4 மணி பத்தி ஒரு வார்த்தை: உங்க வீட்ல எல்லாரும் 11க்கு மேலதான் தூங்குவாங்கன்னா அதை மறந்துடுங்க. தூக்கத்துல கை வெச்சு எடுத்த நேரம் மறுநாள் மூணாவது பீரியட்ல கடைசி பெஞ்சுல திரும்பப் போயிரும்.

5. நாள் எப்படி ஓடணும்

அன்னைக்கு நடந்த பாடத்த அன்னைக்கே 20 நிமிஷம் புரட்டுங்க. படிக்க வேணாம், நோட்ட மூடிட்டு என்ன நடந்துச்சுனு ஒரு பேப்பர்ல கிறுக்கிப் பாத்துட்டு, வராதத மட்டும் திறந்து பாருங்க. இத விட்டுட்டு ரெண்டு வாரம் கழிச்சு திறந்தா ஸ்டாஃப் ஏன் அந்த ஸ்டெப் போட்டாங்கனே புரியாது, அப்புறம் யூடியூப்ல அதே பாடத்த முதல்ல இருந்து கேக்கணும்.

பஸ்ல சீட் கிடைச்சா 2 மார்க் பாருங்க, இல்லனா கண்ண மூடி தூங்குங்க. குலுங்குற பஸ்ல டெரிவேஷன் படிக்கிறேன்னு தலைவலிய வாங்கிட்டு வீட்டுக்கு வந்தா சாயங்காலக் கட்டமும் சேந்து போயிரும்.

ஸ்டாஃப் வராத ஃப்ரீ அவர் ரெக்கார்டுக்குனே பொறந்தது. சத்தத்துக்கு நடுவுல படிக்க முடியாது, ஆனா எழுதலாம், இடது பக்கம் பென்சில்ல சர்க்யூட் போடலாம். அப்சர்வேஷன் நோட்டுல (லேப்லயே ரீடிங் எழுதுறது) கையெழுத்த லேப் நடந்த அன்னைக்கே வாங்கிடுங்க, ரீடிங் சரியானு கேட்டாலும் அப்ப ஞாபகம் இருக்கும். அத விட்டவங்கதான் செமஸ்டர் கடைசில ஸ்டாஃப் ரூம் வாசல்ல அஞ்சு நோட்டோட வரிசைல நிப்பாங்க, ஸ்டாஃப் மீட்டிங்ல இருப்பாங்க. லேப்ல 60 மார்க் இன்டர்னல்ங்கறத மறந்துடாதீங்க.

போன். கட்டம் நடக்குறப்ப அது வேற ரூம்ல இருக்கணும், சைலன்ட்ல போட்டு பக்கத்துல கவுத்து வெச்சா போதாது. ஆனா கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்லதான் எல்லா அறிவிப்பும் வருது, அதனால மொத்தமா ஆஃப் பண்ணவும் முடியாது. சாயங்காலம் வந்ததும் ஒரு தடவ, படுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ குரூப்ப பாருங்க, தேதி ஏதாவது வந்திருந்தா அப்பவே நோட்டுல இறக்கிடுங்க. ஹாஸ்டல்ல ரூம்மேட் கையில குடுத்து "ஒரு மணி நேரத்துக்குக் கேட்டாலும் குடுக்காத"னு சொல்றது கொஞ்சம் சின்னப்புள்ளத்தனமா இருக்கும், ஆனா வேலை செய்யுது.

6. ஞாயித்துக்கிழமை அரை மணி நேரம்

மூணே கேள்வி. ரெண்டு யூனிட் முடிஞ்சதா? அடுத்த வாரம் என்ன தேதி இருக்கு? எந்த சப்ஜெக்ட்ல அட்டெண்டன்ஸ் குறையுது?

அட்டெண்டன்ஸ் ஏன் இங்கன்னா 75 சதவீதத்துக்குக் கீழ போனா கண்டோனேஷன் (குறைஞ்ச அட்டெண்டன்ஸுக்கு விலக்கு கேக்குறது), மெடிக்கல் சர்ட்டிஃபிகேட், ஹெச்ஓடி ரூம், அப்பாவ கூட்டிட்டு வானு அது சாப்பிடுற நேரம் கொஞ்சநஞ்சம் இல்ல, 65க்கும் கீழ போனா எக்ஸாமே எழுத முடியாது. "படிக்கிறதுக்காக கட் அடிச்சேன்"ங்கற ஐடியா பெரும்பாலும் நஷ்டம்.

போன வாரம் முடியாதத அப்படியே இந்த வாரத்துல ஏத்தாதீங்க. மூணு யூனிட் பாக்கின்னா அதுல எது அடுத்த இன்டர்னலுக்கு வருதோ அத மட்டும் காலிக் கட்டத்துல போட்டுட்டு மிச்சத்த மாடலுக்கு முன்னாடி இருக்குற வாரத்துக்குத் தள்ளி எழுதிடுங்க. எல்லாத்தையும் ஏத்துனா இந்த வாரமும் தோக்கும்.

7. அரியர் இருந்தா

அரியர் பேப்பர "ஸ்டடி ஹாலிடேஸ்ல பாத்துக்கலாம்"னு விடுறதுதான் இருக்குறதுலயே பெரிய தப்பு. அந்த லீவு ஏற்கனவே இந்த செமஸ்டர் பேப்பருக்குப் போயிருக்கும், அரியர் எக்ஸாமும் ரெகுலர் எக்ஸாமும் ஒரே சீசன்ல, சில சமயம் அடுத்தடுத்த நாளே வரும்.

அதனால அரியர செமஸ்டரோட முதல் அஞ்சு வாரத்துல முடிங்க. இன்டர்னல் நெருக்கடி அப்ப இல்ல, கிளாஸ்லயும் யூனிட் 1 தான் ஓடிட்டு இருக்கும். சனி ஞாயிறுல ஒரு கட்டம், வாரத்துக்கு ஒரு யூனிட், அஞ்சு வாரத்துல அஞ்சு யூனிட். அப்புறம் எக்ஸாமுக்கு முன்னாடி ரிவிஷன் மட்டும். மூணு நாலு அரியர் சேந்து போச்சுன்னா எல்லாத்தையும் ஒரே சீசன்ல கிளியர் பண்றேன்னு இறங்காதீங்க, இந்த செமஸ்டர்ல படிக்கிறதுக்கு அடிப்படையா இருக்குற பேப்பர முதல்ல எடுங்க. எம்1 (முதல் மேத்ஸ் பேப்பர்) அரியரோட எம்2 (அடுத்த மேத்ஸ் பேப்பர்) படிக்கிறவன் ஒரே நேரத்த ரெண்டு தடவ செலவு பண்றான்.

8. எக்ஸாமுக்கு முந்தின நாளும் அந்த மூணு மணி நேரமும்

பேப்பருக்கு நடுவுல ஒரே நாள் லீவுன்னா பகல்ல ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒன்றரை மணி நேரம், அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூட போகக் கூடாது, முடியலனாலும் அடுத்த யூனிட். யூனிட் 1லயே மத்தியானம் வரைக்கும் உக்காந்துட்டு யூனிட் 5ஐ பஸ்ல புரட்டுறவங்கதான் 17 மார்க்க விடுறவங்க. சந்தேகம் இருந்தா யூனிட் 5ல இருந்து பின்னாடி வாங்க, கிளாஸ்ல அதைத்தான் அவசர அவசரமா முடிச்சிருப்பாங்க. சாயங்காலத்துக்கு மேல 2 மார்க் மட்டும். புது டாபிக் எதையும் ராத்திரி தொடாதீங்க.

ஹால்ல 180 நிமிஷம். பத்து 2 மார்க்குக்கு 30, அஞ்சு 13 மார்க்குக்கு தலா 22ன்னா 110, 15 மார்க்குக்கு 25, மொத்தம் 165. மிச்சம் 15 நிமிஷம் நம்பர் போட்டது சரியானு பாக்கவும் விட்டத நிரப்பவும். நல்லாத் தெரிஞ்ச கேள்விய 40 நிமிஷம் ஆறு பக்கம் எழுதுறதுதான் இங்க எல்லாரும் வழுக்குற இடம். 13க்கு 13க்கு மேல யாரும் போட மாட்டாங்க, அந்த 18 நிமிஷம் கடைசி கேள்வில இருந்து திருடுனது. 22 நிமிஷம் ஆனா நாலு வரி இடம் விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க.

9. எக்ஸாம் முடிஞ்ச வாரம்

நோட்ட தூக்கிப் போடாதீங்க. ஒவ்வொரு சப்ஜெக்ட் பக்கத்துலயும் ஒரு யூனிட்டுக்கு எத்தன கட்டம் போட்டீங்க, நிஜமா எத்தன ஆச்சுனு எழுதுங்க. முக்காவாசி பேருக்கு தியரி நினைச்சத விட சீக்கிரம் முடிஞ்சிருக்கும், பிராப்ளம் பேப்பர் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு இழுத்திருக்கும், ரெக்கார்டுக்கு எதுவுமே ஒதுக்கியிருக்க மாட்டாங்க. அடுத்த செமஸ்டர் 3வது படி போடுறப்ப அந்த ரெண்டாவது நம்பர எடுத்து எழுதுங்க.